மேற்கு மலைக்கு இரண்டு கோட்டிங்

பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் வாத்தியாருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். கேட்கிறவர் மேல் கோபமில்லை. பதில் எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் வருகிற கோபம். குடியரசு தினத்துக்குப் போர்டு எழுத வேண்டும். ஆண்டு விழாவுக்குப் பின்னால் தொங்குகிற படுதா வரைய வேண்டும். மாற்றலாகிப் போகிறவருக்கு வாழ்த்து மடலைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் அறிவியல் சார்ட்டுகளை இரவும் பகலுமாக வரைந்து தள்ள வேண்டும். இதற்கெல்லாம் நடுவில் நேரம் மிஞ்சினால் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுக்கலாம். மிஞ்சியதில்லை.

எழுபதுகளில் கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். எனக்குச் சொந்த ஊர் மயிலாடும்பாறைப் பக்கம். வானத்தைப் பார்த்துப் பிழைக்கிற ஊர். அங்கிருந்து வந்தவனுக்கு, இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு, கிளை கிளையாக வாய்க்கால், இருபோக நெல், அதை ஒட்டித் திராட்சைப் பந்தல் என்று பார்த்ததும் தலைகால் புரியவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை, சன்னலைத் திறந்து விட்டால் போதும் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது முதல் வகுப்பிலேயே தெரிந்தது.

மலை வரையுங்கள் என்றேன். வகுப்பு மொத்தமும் ஒரே படத்தை வரைந்தது. இரண்டு முக்கோணம், நடுவில் பாதிச் சூரியன், அதிலிருந்து கம்பி கம்பியாக வெளிச்சம், கீழே வளைந்து வருகிற ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, குடிசைக்கு ஒரு தென்னை. சன்னலுக்கு வெளியே மேற்கு மலை உட்கார்ந்திருக்கிறது. அது எந்தக் காலத்திலும் முக்கோணமாக இருந்ததில்லை. படுத்திருக்கிற எருமையின் முதுகு போல நீண்டு கிடக்கிற மலை அது. சூரியன் அதன் மேல் போய் மறையுமே தவிர அங்கிருந்து முளைக்காது. "ஏலே, கொஞ்சம் வெளிய பாருங்கடா" என்றேன். எல்லோரும் மரியாதையாக வெளியே பார்த்தார்கள். பிறகு குனிந்து முக்கோணத்துக்குப் பச்சை அடித்தார்கள்.

சரி, மெதுவாகக் கண்ணைப் பழக்கலாம் என்றால் அதற்கு வகுப்பு வேண்டுமே. எங்கள் தலைமையாசிரியர் கணக்குக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். காய்ச்சலோடு வந்து பாடம் நடத்துவார், பிள்ளைகள் பாஸாக வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுவார். ஆனால் ரிசல்ட்டைத் தவிர வேறு எதுவும் அவர் கண்ணில் படாது. ட்ராயிங் பீரியடு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வாசற்படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்கும். "ட்ராயிங் சார், பீரியடு சும்மாத்தான இருக்கு? ஒரே ஒரு தேற்றம், முடிச்சிட்டுக் குடுத்துடுறேன்" என்பார். நான் வகுப்பில் நின்றுகொண்டிருக்கிறேன், பிள்ளைகள் கையில் பென்சில் இருக்கிறது, பீரியடு சும்மா இருக்கிறதாம். கொடுத்துவிட்டு ஆசிரியர் அறைக்குப் போய் வாழ்த்து மடல் எழுதுவேன். திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை.

அந்தப் பள்ளியில் என்னைப் போலவே வயிறெரிந்துகொண்டிருந்த இன்னொருவர் அறிவியல் டீச்சர். போடிக்காரர். பஜாரில் அவருடைய அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. கடையில் வளர்ந்தவர் என்பதாலோ என்னவோ, எந்தச் சாமானையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார். ஒரு இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டை சார்ட்டில் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், செம்பருத்திச் செடி நம்ம வாசல்லயே நிக்குது. அத விட்டுட்டு நீங்க புக்கப் பாத்து வரையிறீக. உங்களப் பாத்துப் பிள்ளைக வரையுது. பூவ யாரு சார் பாக்குறது?"

"அதை எச்.எம்.கிட்டக் கேளுங்க டீச்சர்" என்றேன். எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் வரைகிற சார்ட்டெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்ததும் பீரோவுக்குள் போய்விடும், அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்குத்தான் வெளியே வரும். பிள்ளைகளுக்காக வரைந்தது என்று ஒன்றுகூட இல்லை.

அந்த வருடம் ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. மலையில் மரம் வெட்டி வெறுமையாக்கிய இடங்களிலிருந்து செம்மண் கரைந்து வந்து வாய்க்காலை அடைத்தது. வாய்க்கால் உடைந்து நடவு வயல்களில் சேறு ஏறியது. மறுநாள் பிள்ளைகள் முழங்கால் வரை சிவப்பாக வந்தார்கள். தலைமையாசிரியர் வாசலில் நின்றுகொண்டு, காலைக் கழுவாமல் ஒருத்தரும் உள்ளே போகக் கூடாது என்றார். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் செம்மண் குளம் கட்டி நின்றது.

இடைவேளையில் அறிவியல் டீச்சர் ஆசிரியர் அறைக்குள் வந்து புத்தகத்தை மேசையில் தொப்பென்று போட்டார். அன்றைக்கு அவர் நடத்திய பாடம் மண் அரிப்பு.

"காலு பூரா சேறு சார். அத வாசல்ல கழுவ விட்டுட்டு, உள்ள வந்து மண் அரிப்புன்னா என்னன்னு நான் கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கேன். காரணங்கள் மூணுன்னு ஒப்பிக்குதுக. நேத்து அதுக வீட்டு வயல் போயிருக்கு. அதும் இதும் ஒண்ணுதான்னு ஒரு பிள்ளைக்கும் தோணல. எனக்கே என்மேல ஆத்திரமா வருது."

அன்று மத்தியானம் ஒன்பதாம் வகுப்புக்கு எனக்குப் பீரியடு. தலைமையாசிரியரின் செருப்புச் சத்தம் வருவதற்கு முன்னால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வயல்பக்கம் போய்விட்டேன். வரப்பில் உட்கார வைத்து, கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் வரையுங்கள், தெரியாததை வரைந்தால் தாளைக் கிழித்துவிடுவேன் என்றேன். பாதிப் பேர் பழக்க தோஷத்தில் சூரியனைப் போட்டார்கள். சுருளிப்பட்டியிலிருந்து வருகிற ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி வரைந்திருந்தாள். அவள் தாளில் மலையே இல்லை. வாய்க்கால் உடைந்த இடம், அதிலிருந்து விரல் விரலாகப் பிரிந்து வயலுக்குள் இறங்கிய சேறு, ஒரு வரப்பில் மட்டும் புல் அடர்ந்திருந்ததால் அங்கே சேறு தடுத்து நின்ற கோடு. அவ்வளவுதான். ஏன் மலை வரையவில்லை என்றேன். "அங்கன உக்காந்தா மலை தெரியல சார். தென்னந்தோப்பு மறைக்குது" என்றாள்.

அந்தப் படத்தை அறிவியல் டீச்சரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். மூன்று காரணங்களும் இதில் இருக்கின்றன, புத்தகத்தில் இல்லாத ஒன்றும் இருக்கிறது, புல் சேற்றை நிறுத்திய கோடு என்றார். அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் தலைமையாசிரியர் அறைக்குப் போனோம். வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை மத்தியானம், ஒன்பதாம் வகுப்புக்கு ட்ராயிங் பீரியடையும் அறிவியல் பீரியடையும் அடுத்தடுத்துப் போட்டுத் தரவேண்டும், நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்துகிறோம் என்று கேட்டோம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படம் போட்டா பாடம் வருமா டீச்சர்?"

"பாத்தா வரும் சார். பாக்குறதுக்குத்தான் படம்."

யோசித்துவிட்டு ஒரு கணக்குப் போட்டார். இன்ஸ்பெக்‌ஷன் வரைக்கும் நடத்திப் பாருங்கள், வருகிற அதிகாரி நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அடுத்த வருடம் எல்லா வகுப்புக்கும் போட்டுத் தருகிறேன், எழுதாவிட்டால் அந்த ட்ராயிங் பீரியடு நிரந்தரமாகக் கணக்குக்கு வந்துவிடும் என்றார். பந்தயம் மாதிரி இருந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என் பாடத்தை ஒரு பாடம் என்று யாரும் நினைத்து நான் பார்த்ததில்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அந்த வியாழக்கிழமைகளைப் பற்றி நிறையச் சொல்லலாம், சொன்னால் எனக்குத்தான் வயிற்றெரிச்சல். ஒலி பாடத்துக்கு உறுமி மேளம் கொண்டுவரச் சொன்னார் டீச்சர். அடிக்கிற பக்கம், தேய்க்கிற பக்கம் இரண்டையும் தொட்டுப் பார்த்து, அதிர்வை எப்படிக் கோடாகப் போடுவது என்று பிள்ளைகள் வாதாடிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் ஓடி வந்து, "இங்கன என்ன சாமி கும்பிடா நடக்குது?" என்றார். உறுமி அதோடு வீட்டுக்குப் போனது.

இன்னொரு நாள் கொடிகளை வரையச் சொன்னோம். சுருளிப்பட்டிப் பெண் பீர்க்கங்கொடி பந்தலைப் பற்றிக்கொள்ள நீட்டுகிற சுருளை வரைந்திருந்தாள். சுருள் ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டே போய், நடுவில் கொஞ்சம் நேராக நின்று, பிறகு மறுபக்கமாகச் சுற்றியது. ஸ்பிரிங் இப்படியா சுற்றும், ஒழுங்காகப் பார்த்து வரை என்றேன். அடுத்த நாள் காலையில் என் மேசையில் பந்தற்குச்சியோடு ஒடித்த பீர்க்கங்கொடி கிடந்தது. சுருள் அவள் வரைந்த மாதிரியே நடுவில் திரும்பியிருந்தது. டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய கல்லூரிப் புத்தகத்தில்கூட அது இல்லையாம். அன்று முழுக்க அவர் பாதையில் தென்பட்ட கொடிகளையெல்லாம் இழுத்துப் பார்த்துக்கொண்டே நடந்தார். எங்கள் உத்தியோகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எப்போதாவதுதான் கிடைக்கும்.

இன்ஸ்பெக்‌ஷன் நெருங்கியது. அதிகாரிக்குக் காட்ட ஏதாவது செய்ய வேண்டும். மற்ற பள்ளிகளில் தெர்மாகோலில் மாதிரி உருவம் செய்து கலர் பேப்பர் ஒட்டுவார்கள், பக்கத்தில் ஒரு பிள்ளை நின்று ஒப்பிக்கும். அது வேண்டாம் என்று முடிவு செய்தோம். உடைந்த வகுப்பறைக் கதவு ஒன்றை இரண்டு பெஞ்சுகளின் மேல் போட்டு, அதன்மேல் எங்கள் பள்ளத்தாக்கையே மண்ணில் செய்தோம். வாய்க்காலை அடைத்த அதே செம்மண். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு. ஒரு மலையில் அருகம்புல்லை வேரோடு பதித்து வளர்க்க வேண்டும், மற்ற மலையை மொட்டையாக விட வேண்டும். மேலிருந்து பூவாளியால் மழை பெய்விக்க வேண்டும். மலை அடிவாரத்தில் பக்கத்துக்கு ஒரு கண்ணாடிப் பாட்டில், இறங்கி வருகிற தண்ணீரைப் பிடிக்க.

எந்த மலையை மொட்டையாக விடுவது என்பதில் பெரிய சண்டை வந்தது. சுருளிப்பட்டிப் பிள்ளைகள் கிழக்கு மலையைத் தொடக் கூடாது என்றார்கள். கம்பம்மெட்டு ரோட்டுப் பிள்ளைகள் மேற்கு மலை எங்களுடையது என்றார்கள். கடைசியில், பள்ளிக்கூட சன்னலில் தெரிகிற மலையை மொட்டையாக்கினால் தினமும் பார்த்துச் சரியாக வரும் என்று டீச்சர் தீர்ப்புச் சொன்னார். பிறகு பார்க்க வேண்டுமே. எருமை முதுகை அப்படியே கொண்டுவருவதற்காகப் பிள்ளைகள் சன்னலுக்கும் மண்மலைக்குமாக ஓடினார்கள். பள்ளம் இன்னும் தெற்கே என்று ஒருவன், இல்லை என்று இன்னொருத்தி, பென்சிலை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடி அளந்தார்கள். முக்கோணம் என்ற பேச்சே இல்லை. நான் ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புல் வேர் பிடித்ததும் சோதனை செய்து பார்த்தோம். புல் இருந்த மலையில் ஊற்றிய தண்ணீர் உள்ளே போய், நிதானமாக, கிட்டத்தட்டத் தெளிவாக வந்து பாட்டிலில் விழுந்தது. மொட்டை மலையில் ஊற்றியது ஊற்றிய வேகத்திலேயே செக்கச்செவேலென்று பாய்ந்து இறங்கி ஆற்றை மூடியது. பாட்டில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். "இதான் சார் எங்க வயல்ல" என்றாள் அந்தப் பெண். மண் கரையக் கரைய மறுபடி பூசிச் சரிசெய்வோம். மழை பெய்தால் கரைகிற மலை, அதுதான் அந்த மாதிரியின் உயிரே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைமையாசிரியர் வந்து சுற்றிப் பார்த்தார். திங்கட்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். முகத்தில் சந்தோஷமில்லை.

"மண்ணு மண்ணாத்தான இருக்கு ட்ராயிங் சார்? கலர் ஒண்ணும் இல்லையே."

"மலை அந்தக் கலர்தான் சார்."

"நீங்க ட்ராயிங் மாஸ்டரு, நீங்களே இப்பிடிச் சொன்னா எப்பிடி? ஆபீசரு மதுரையில இருந்து வர்றாக. பளபளன்னு இருக்க வேணாமா?"

சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன். அது சும்மா பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்குள் நுழையும்போதே எனாமல் பெயிண்ட் வாடை அடித்தது. பள்ளிக்கூடக் கேட்டுக்கும் சன்னல்களுக்கும் பச்சை அடித்தது போக டின்னில் மீதி இருந்திருக்கிறது. கேட்டுக்கு அடித்த அதே பெயிண்டரை வரவழைத்து, சனிக்கிழமை முழுக்க மாதிரியை வெயிலில் காயப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோட்டிங் அடித்திருக்கிறார்கள். இரண்டு மலைக்கும் பச்சை. புல்லையும் விடவில்லை, தாள் தாளாகப் பச்சையாக்கி விறைக்க வைத்திருந்தார்கள். ஆற்றுக்கு நீலம். பெயிண்டர் மனிதர் ரசனையுள்ளவர் போலிருக்கிறது, எருமை முதுகின் மேல் இன்னும் கொஞ்சம் மண்ணை அப்பிக் கூராக்கி, உச்சிக்கு வெள்ளை அடித்திருந்தார். எங்கள் மேற்கு மலையில் பனி.

டீச்சர் எனக்கு முன்பே வந்திருந்தார். மொட்டை மலையின் ஓரத்தைக் கொண்டை ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பெயிண்ட் இன்னும் விரலில் ஒட்டியது, உரியவில்லை. நான் பென்சில் சீவுகிற கத்தியை எடுத்தேன். அந்த நேரம் தலைமையாசிரியர் வந்துவிட்டார். புதுச் சட்டை, முகமெல்லாம் சிரிப்பு. உண்மையிலேயே எங்களுக்கு உதவி செய்துவிட்டதாக நினைத்திருந்தார்.

"எப்பிடி இருக்கு? லீவு நாள்ல கூடவே நின்னு அடிக்கச் சொன்னேன்" என்றார்.

"சார், தண்ணி உள்ள போகாது சார். இனிமே இது ஒண்ணுத்தையும் காட்டாது" என்றார் டீச்சர்.

"தண்ணியெல்லாம் எதுக்கு டீச்சர், கசகசன்னு? பிள்ளைய நின்னு சொல்லச் சொல்லுங்க. உத்தமபாளையத்துல இருந்து போன் வந்துருச்சு, ஜீப்புல கிளம்பிட்டாகளாம். கத்திய உள்ள வைங்க ட்ராயிங் சார்."

கத்தியை உள்ளே வைத்தேன். அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. என்ன சொல்லி உலுக்குவது என்றுதான் தெரியவில்லை. பெயிண்ட் அடித்தது ஏன் தப்பு என்று அவருக்குப் புரிய வைக்க முதலில் அந்த வியாழக்கிழமைகளையெல்லாம் அவருக்கு நடத்த வேண்டும்.

அதிகாரி வந்தார். நல்ல உயரம், மெதுவாகப் பேசுகிறவர். கணக்கு, ஆங்கிலம் எல்லாம் பார்த்துவிட்டு மாதிரிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சுருளிப்பட்டிப் பெண் பக்கத்தில் நின்றாள். தலைமையாசிரியர், அறிவியலையும் ஓவியத்தையும் இணைத்து இந்தப் பள்ளியில்தான் முதன்முதலாகச் செய்திருக்கிறோம் என்று ஆரம்பித்தார். நாங்கள் அவரிடம் கெஞ்சியபோது சொன்ன வார்த்தைகள் அத்தனையும் அவர் வாயிலிருந்து வந்தன. அதிகாரி பூவாளியைப் பார்த்துவிட்டார்.

"இது எதுக்கு? தண்ணி ஊத்து பாப்போம்."

ஒரு மலை காடு, ஒரு மலை மொட்டை என்று சொல்லிவிட்டு ஊற்றினாள். தண்ணீர் இரண்டு மலைகளிலும் ஒரே மாதிரி சறுக்கிக்கொண்டு ஓடி வந்து இரண்டு பாட்டில்களிலும் விழுந்தது. இரண்டும் பளிங்கு மாதிரி இருந்தன.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு? அப்ப காடு இருந்தாலும் இல்லாட்டாலும் வித்தியாசம் இல்லையா?"

தலைமையாசிரியர் அவளைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னார். புத்தகத்தில் உள்ளதைச் சொல் என்று அர்த்தம். அவள் பாட்டில்களைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள்.

"வித்தியாசம் இருக்குங்கய்யா. இதுல தெரியாது. மேல பெயிண்ட் அடிச்சிட்டாக. தண்ணி மண்ணத் தொடவே இல்ல. அதனால ரெண்டும் தெளிவா வருது."

"யாரு அடிச்சாக?"

"எச்.எம். ஐயா அடிக்கச் சொன்னாக. நம்ம மலையில பனியும் கிடையாதுங்கய்யா. அதும் பெயிண்டுதான்."

அதிகாரி சிரித்துவிட்டார். எனக்கு ஒரு நிமிடம் பெரிய நம்பிக்கை வந்தது. அந்த அறையில் அன்று அறிவியல் பேசியது அவள் ஒருத்திதான். கண்ணால் கண்டதை, ஏன் அப்படி என்ற காரணத்தோடு, பயப்படாமல் சொல்லியிருக்கிறாள். இதைவிட என்ன வேண்டும், இந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் சிரித்து முடித்துவிட்டு, "சரி, மண் அரிப்புக்கான காரணங்கள் எத்தனை? வரிசையாச் சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள். வரிசையாக அல்ல. வாய்க்கால் உடைந்ததில் ஆரம்பித்து, புல் இருந்த வரப்பில் சேறு நின்றதைச் சொல்லி, மலையில் மரம் வெட்டியதற்கு வந்தாள். அதிகாரி பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். பக்கத்திலிருந்த பையனைக் கேட்டார். அவனும் வயலில் ஆரம்பித்தான். மூன்றாவது பிள்ளை எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது அவர் எழுதிக் கொடுத்ததைத் தலைமையாசிரியர் எங்கள் இருவருக்கும் படித்துக் காட்டினார். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு அறிவியல் பாடத்தில் மனப்பாடம் போதவில்லை. பள்ளத்தாக்கின் மாதிரி கண்ணைக் கவரும் வண்ணம் உள்ளது, பார்வையாளர்கள் காணும்படி வாசலில் வைக்கலாம்.

டீச்சர் அதைக் கையில் வாங்கி மறுபடி ஒருமுறை படித்தார். "பெயிண்டுக்குப் பாராட்டு, பிள்ளைக்குத் திட்டு" என்றார். பிறகு தலைமையாசிரியரைப் பார்த்து, "சார், அந்தப் பிள்ள சொன்னதுல ஒரு தப்பு காட்டுங்க" என்றார்.

"தப்புன்னு நான் சொல்லலையே டீச்சர். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலைங்கிறேன். பரீட்சையில வயலப் பத்தியா கேப்பாக?"

வியாழக்கிழமை வகுப்பு அதோடு போனது. ட்ராயிங் பீரியடு பேசியபடி கணக்குக்குப் போனது. அந்தப் பெண்ணை வாய் நீளம் என்று ஒரு நாள் முழுக்க வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். நான் போய்ச் சண்டை போட்டேன். ட்ராயிங் வாத்தியார் சண்டைக்கு எவ்வளவு மதிப்பு உண்டோ அவ்வளவு மதிப்பு கிடைத்தது. டீச்சர் மாற்றலுக்கு எழுதிப்போட்டார். கோடை விடுமுறைக்குப் பிறகு போடிக்கே போய்விட்டார். அவருக்கு வாழ்த்து மடல் எழுத என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

மாதிரிக்குக் கண்ணாடிப் பெட்டி வந்தது. பள்ளி வாசலில், செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதற்கு ஒரு பெயர்ப் பலகை வேண்டும் என்றார் தலைமையாசிரியர். 'அறிவியலும் ஓவியமும் இணைந்த கல்வி' என்று நானே என் கையால் எழுதினேன். எழுத்து நன்றாக வந்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரையும் தலைமையாசிரியர் முதலில் அதன் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவார். ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னாலும் என் மேசைக்கு ஒரு பெயிண்ட் டின் வரும். "மங்கித் தெரியுது ட்ராயிங் சார், ஒரு கோட்டிங் குடுங்க" என்பார். கொடுத்தேன். சம்பளம் வாங்குகிறவன் வேறு என்ன செய்வது?

அந்த வருட முழுப் பரீட்சையில் சுருளிப்பட்டிப் பெண் அறிவியலில் முதல் மார்க். தாழ்வாரத்தில் பார்த்தபோது, மண் அரிப்புக் கேள்வி வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சு சார். காரணங்கள் மூணும் வரிசையா எழுதிட்டேன்."

"பீர்க்கங்கொடி எப்படி இருக்கு?"

சங்கடமாகச் சிரித்தாள். "அது பரீட்சைக்கு வராதுல்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. நாங்கள் நடத்திய பாடத்தைவிடப் பள்ளிக்கூடம் நடத்திய பாடத்தை அவள் சரியாகப் புரிந்துகொண்டிருந்தாள்.

இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு நாள், ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு எனக்கு ஒரு பீரியடு கிடைத்தது. பழைய ஆசை விடவில்லை. சன்னலைத் திறந்துவிட்டு மலையைப் பார்த்து வரையுங்கள் என்றேன். சிலர் தாளை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார்கள். சந்தோஷமாக இருந்தது, கிட்டப் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து படத்தை நீட்டினார்கள். பச்சை மலை, நீல ஆறு, உச்சியில் வெள்ளை வெளேரென்று பனி.

"ஏலே, நம்ம மலையில பனி எங்கன இருக்கு?" என்று முன்வரிசைப் பையனைக் கேட்டேன்.

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "வாசல்ல இருக்குல்ல சார். நீங்கதான பெயிண்ட் அடிச்சீக?"

வாசற்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, பீரியடு சும்மாத்தானே இருக்கிறது என்றார். ஆமாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.